வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: ஃபாசில் கல்

நத்தை, சிப்பி உருவங்கள் தெரியும் ஃபாசில் கல்லை (பழங்கால உயிர்களின் உடலோ தடமோ கல்லாகிப் பதிந்த கல்) பற்றி ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

புது வீட்டு ஹாலுக்கு 'ஃபாசில் மார்பிள்' என்று மூன்று வகை காட்டினார்கள். ஒன்றில் நத்தைச் சுருள், ஒன்றில் கறுப்புக் கல்லுக்குள் வெள்ளைக் கூம்புகள், இன்னொன்றில் காய்ந்த வேர் போலப் பழுப்புக் கோடுகள். மூன்றும் அசல்தானா?
– வாசகர், குப்பம்

வேர்க்கோடு ஓடும் கல்லில் ஃபாசில் கிடையாது. அது ராஜஸ்தானின் பிதாசர் பக்கத்துக் கல். கடையில் 'ரெயின்ஃபாரஸ்ட்' என்பார்கள். பாறை விரிசலில் கனிமம் ஏறி உறைந்த நரம்புகள்தான் அந்தக் கோடுகள். அழகான கல்தான், வாங்கலாம். ஃபாசில் என்று சொல்லி விலையை ஏற்றினால் மட்டும் கொடுக்காதீர்கள்.

சுருள் தெரிவது பெரும்பாலும் ஜெர்மனியின் பவேரியாவில் வெட்டப்படும் ஜூரா சுண்ணாம்புக்கல். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு இறுகி உண்டானது. சுருளாக இருப்பது அமோனைட், துப்பாக்கித் தோட்டா போல நீண்டிருப்பது பெலம்னைட் (இரண்டும் அழிந்துபோன கடலுயிர்கள்), ஒழுங்கற்ற திட்டுகள் கடற்பஞ்சு. கறுப்புக் கல் மொராக்கோவின் எர்ஃபூட் பகுதியிலிருந்து வருவது. அதிலுள்ள கூம்புகள் கணவாய் இனத்தின் பழைய உறவுகளான, நேர் ஓடு கொண்ட ஆர்த்தோசெராஸ். வயது 35 கோடி ஆண்டுக்கும் மேல்.

அசலா என்று பார்க்க, பலகையின் முகத்தை விட்டுவிட்டு வெட்டுவாயைப் பாருங்கள். அசல் கல்லில் உருவம் விளிம்பிலும் தொடரும்: மேலே பாதிச் சுருள் இருந்தால் பக்கவாட்டில் அதன் குறுக்குவெட்டு வளைவாகத் தெரியும். அச்சடித்த டைலில் படம் மேற்பரப்போடு நின்றுவிடும், கீழே ஒரே நிற மண் உடல்தான். இரண்டாவதாக, பத்துப் பலகையை வரிசையாக நிறுத்தச் சொல்லுங்கள். கடலடியில் ஓடுகள் தாறுமாறாகக் கிடந்தவை. ரம்பம் ஒன்றை நீளவாக்கில் அறுக்கும், ஒன்றைச் சாய்வாக, ஒன்றை வட்டமாக. எல்லாம் முழுசாக, ஒரே அளவில், ஒரே திசையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கறுப்புக் கல்லில் பிசின் கலவையில் உருவம் செதுக்கி ஒட்டுவது உண்டு. டார்ச்சைத் தரைமட்டமாகச் சாய்த்து அடித்தால் ஒட்டிய இடத்தைச் சுற்றி மங்கலான ஓரம் தெரியும்.

கடைசியாக ஒரு துண்டு கேட்டு வாங்கி, பொடியைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் சிறு குமிழி வரும். டைலில் வராது.

எங்கள் பழைய வீட்டுக் கடப்பா கல் தரையில் பெரணிச் செடி மாதிரி கறுப்புச் சித்திரங்கள் உள்ளன. பாலிஷ் போட்டால் பளிச்சென்று தெரியுமா?
– வாசகி, நகரி

பாலிஷ் போட்டால் போய்விடும், மெஷினை ஏற்றாதீர்கள். அவை செடி இல்லை. கல் அடுக்கடுக்காகப் படிந்தது. அடுக்குகளுக்கு இடையே கசிந்த நீரிலிருந்த மாங்கனீசும் இரும்பும் கிளைகிளையாக உறைந்தவை. டென்ட்ரைட் என்று பெயர். கடப்பா கல் அந்த அடுக்கு வழியே பிளக்கப்படுவதால் சித்திரம் உங்கள் காலடியில் வந்து நிற்கிறது. மேல்தோல் கனம்தான் அதன் ஆழம். சோப்பு நீரால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, உள்ளே இறங்கும் வகை சீலர் (கறை ஊறாமல் தடுக்கும் திரவம்) ஒரு கை பூசினால் போதும். மேலே படலம் கட்டும் வார்னிஷ் வேண்டாம், உரிந்து வரும்.

ஓடுள்ள உயிரினங்கள் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன். கடப்பா கல் அதற்கும் மூத்தது, ஆகவே அதில் சங்கு சிப்பி தேடிப் பயனில்லை. ஆனால் கடப்பை மாவட்டத்திலேயே உண்மையான ஃபாசில் பாறை உண்டு: வேம்பள்ளி டோலமைட்டில், சுமார் 190 கோடி ஆண்டுக்கு முன் நுண்ணுயிர்ப் பாய்கள் கட்டிய ஸ்ட்ரொமடோலைட் வளைவுகள் இருக்கின்றன.

ஜூரா கல்லில் உள்ள சுருள் சாளக்கிராமம் மாதிரியே இருக்கிறது. தரையில் போட்டு மிதிக்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.
– வாசகி, புத்தூர்

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கூழாங்கல்லுக்குள் இருப்பதும் அமோனைட்தான். வழிபாட்டு மரபில் சாளக்கிராமம் என்பது கண்டகிக் கல் மட்டுமே. ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பாத கல்லைத் தினமும் மிதிக்க வேண்டாம். அதே பலகையைச் சுவரில் பதியுங்கள். கீறலும் விழாது, உருவமும் கண்மட்டத்தில் நிற்கும்.

கிச்சன் மேடைக்கு ஃபாசில் கல் போட்டு ஆறு மாதத்தில் வட்ட வட்டமாக மங்கிவிட்டது. சீலர் பூசித்தான் போட்டோம்.
– வாசகி, சித்தூர்

சீலர் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே ஊறாமல் தடுக்கும், புளிப்பைத் தடுக்காது. கல்லும் அதிலுள்ள ஓடும் இரண்டுமே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். புளிக்கரைசல், எலுமிச்சை, தக்காளி, மோர் எது பட்டாலும் பளபளப்பான தோல் கரைந்துவிடும். அது கறை இல்லை, அரிப்பு. அதனால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.

மங்கிய இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் அரிப்பு மேலோட்டம்: பாலிஷ்காரர் வைத்திருக்கும் மார்பிள் பாலிஷ் பவுடரைச் சில சொட்டு நீரில் குழைத்து, ஈரத்துணியால் வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். பவுடரில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் 400, 800, 1500, 3000 என்று வைரப் பட்டைகளை நீர்விட்டு வரிசையாகப் போட வேண்டும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய பட்டையின் கீறல் அப்படியே நிற்கும்.

இன்னொரு வழி, மேடை முழுவதையும் 400-இல் நிறுத்தி மங்கல் பூச்சாகவே வைத்துக்கொள்வது. அப்போது அரிப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது. எங்களைக் கேட்டால் சமைக்கும் இடத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துக் கிரானைட்தான் சரி.

ஹாலில் 10 அடி அகலம், 9 அடி உயரச் சுவர் முழுக்க ஃபாசில் கல் பதிக்க வேண்டும். மேஸ்திரி வழக்கம்போல் சிமெண்ட் பாலில் ஒட்டிவிடலாம் என்கிறார்.
– வாசகர், பள்ளிப்பட்டு

ஒப்புக்கொள்ளாதீர்கள். சாம்பல் சிமெண்டின் ஈரம் வெளிர் கல்லில் ஏறி, நிழல் போன்ற திட்டுகளை விடும். பிறகு எடுக்கவே முடியாது.

எடையைக் கணக்கிடுங்கள். 20 மி.மீ. கனக் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. உங்கள் 90 சதுர அடிக்கு 450 கிலோ. பெரிய பலகையாகப் போடுவதென்றால் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத 304 ரக எஃகுக் கொக்கி வைத்துச் சுவரில் பிடிக்க வேண்டும். 12 மி.மீ. கனத்தில் 2 அடிக்கு 1 அடி துண்டுகளாக வாங்கினால் சதுர அடிக்கு 3 கிலோதான், பசையிலேயே நிற்கும். உங்களுக்கு இதுவே நல்லது. உருவம் பொருத்திப் போட வேண்டியிருப்பதால் 90-க்குப் பதில் 105 சதுர அடி வாங்குங்கள், ஒரே லாட்டில்.

பூச்சு 28 நாள் ஆறி, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கல்லைத் தரையில் விரித்து, முழுச் சுருள்கள் பார்வை மட்டத்தில் வரும்படி அடுக்கி, பின்பக்கம் எண் போடுங்கள். பின்பக்கத்தில், கல் உடையாமலிருக்க ஒட்டும் வலையும் பிசினும் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். சுவரிலிருந்து கல் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: சிமெண்ட் பசை பிசின்மேல் பிடிக்காது. வலை இருந்தால் எப்பாக்ஸி பசை. இல்லாவிட்டால் வெள்ளை நிற, பாலிமர் கலந்த கல் பசை. 4 மி.மீ. கனத்தில் சுவரிலும், மெல்லிசாகக் கல்லின் முதுகிலும் பூசினால் 20 கிலோ மூட்டை மூன்று ஆகும். ஐந்து பொட்டு வைத்து ஒட்டும் பழக்கம் கூடாது. உள்ளே வெற்றிடம் நின்றால் தட்டும்போது 'டொக்'கென்று கேட்கும், சிறு இடியில் உடையும்.

பசை கலக்கக் குடிநீர்தான். உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு இருந்தால் இணைப்பு வழியே வெள்ளையாகப் பூத்து வரும். அறுப்பது நீர்விட்டு, விளிம்பு உடையாத வைர பிளேடில். இணைப்பு 2 மி.மீ.; அதை நிரப்ப மணல் கலக்காத கிரவுட், ஏனென்றால் மணல் பாலிஷைக் கீறும். மூலைக்கு சிலிகான் என்றால் வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள், கல்லை அரித்துவிடும். வேலை முடிந்ததும் 'ஆசிட் வாஷ்' என்று யாராவது கேனைத் திறந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அந்தப் பலகைகளுக்கு மறுபடி பாலிஷ் போடத்தான் வேண்டியிருக்கும்.

வாஷ்பேசினுக்குக் கல்மரம் கேட்டோம். 'திருவக்கரை மரம்' என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், திருத்தணி

வாங்கக் கூடாது. திருவக்கரையில் இருப்பது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் தேசிய கல்மரப் பூங்கா. அங்கிருந்து எடுப்பது குற்றம். பேசினாகக் குடைந்து கடைக்கு வருவது பெரும்பாலும் இந்தோனேசியாவின் கல்மரம், இறக்குமதி பில் கேட்டு வாங்குங்கள். கல்மரத்தில் சுண்ணாம்பு இல்லை, மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்திருக்கிறது. அதனால் எலுமிச்சையும் புளியும் அதை ஒன்றும் செய்யாது. குளியலறைக்குத் தாராளமாக வைக்கலாம். எடை மட்டும் அதிகம். சுவரில் தொங்கவிடாமல் மேடை கட்டி வையுங்கள்.