கீழ்வீட்டில் குமிழி, மொட்டை மாடியில் காக்கைக் கூடு: குழாய் அடைப்பு கேள்வி-பதில்

மார்கழி பிறந்தால் எங்கள் சமையலறை சிங்கில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. கொதிநீர் ஊற்றலாமா? (மயிலாப்பூர் வாசகி)

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் புட்டிக்குள் நடப்பதே குழாயின் உட்சுவரிலும் நடக்க, அதன்மேல் இட்லி மாவும் காபிச் சக்கையும் படிந்து வழி குறுகிவிடுகிறது. பிவிசி குழாய் 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகும் என்பதால் கொதிநீர் வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றுங்கள். அதற்கு முன், சிங்குக்கு அடியில் வாளியை வைத்து, பாட்டில் ட்ராப்பின் (சிறிது நீர் எப்போதும் தேங்கி நிற்கும் புட்டி வடிவ வளைவு) அடிக்கோப்பையைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். பெரும்பாலும் கசடு அங்கேதான் தங்கியிருக்கும்.

மேல்மாடியில் ஃப்ளஷ் செய்தால் தரைத்தளத்தில் உள்ள எங்கள் குளியலறையில் குமிழி எழுகிறது, பிறகு நாற்றம். தரை வடிகாலுக்கு அடியில் உள்ள நஹானி ட்ராப்பை மாற்றியும் பயனில்லை. (வேளச்சேரி வாசகர்)

பழுது ட்ராப்பில் இல்லை என்றே நினைக்கிறேன். செங்குத்துக் குழாயில் விழும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். மொட்டை மாடிக்கு மேல் நீண்டிருக்கும் வென்ட் பைப் அந்தக் காற்றைத் தராவிட்டால், அது உங்கள் ட்ராப்பின் வழியாகவே உறிஞ்சப்படும். நாற்றம் மேலே வராமல் அங்கே காவலாக நிற்கும் இரண்டு அங்குல நீரும் கூடவே போய்விடும்.

முதலில் சேம்பர் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். நீர் நிரம்பி நின்றால் அடைப்பு தெருப்பக்கம். தாராளமாக ஓடினால் மாடிக்குச் சென்று வென்ட் பைப்பைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் குழாயின் வாயிலிருந்து காக்கை சேர்த்த கம்பித் துண்டுகளும் துடைப்பக் குச்சிகளும் அரை வாளி வந்தன. இன்னொரு வீட்டில் கூடுதல் அறை கட்டியவர்கள் குழாயையே சிமெண்டு வைத்து மூடியிருந்தார்கள். கொசுவுக்காகக் கட்டிய வலையிலும் தூசி அடையும். வலையை எடுத்துவிடாமல், அவ்வப்போது கழுவிக் கட்டுங்கள்.

இரண்டு மாதம் பூட்டியிருந்த வீட்டில் சாக்கடை நாற்றம். (குரோம்பேட்டை)

ட்ராப்பில் இருந்த நீர் ஆவியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஆசிட் ஊற்றியும் அடைப்பு போகவில்லை. பிளீச்சிங் பவுடர் போடலாமா? (பெரம்பூர்)

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து, நிறையத் தண்ணீர் விட்டு ஆசிட்டை வெளியேற்றிய பிறகு பிளம்பரை அழையுங்கள்; ஆசிட் ஊற்றியதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மழை பெய்தால் சேம்பர் பொங்குகிறது. உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் வைக்கலாமா? (வியாசர்பாடி)

தயவுசெய்து யாரையும் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கவசமின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். தெருக்குழாய் அடைப்புக்குச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்து இயந்திரம் கேளுங்கள். மழையில் மட்டும் பொங்குவதால், உங்கள் மொட்டை மாடித் தண்ணீர் கழிவுநீர்ச் சேம்பரில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் அந்த இணைப்பைத் துண்டித்து, மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.