கடைமடைக்காரர் மேல் பழி போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 34. கணவர் குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறார். பதினான்கு மாதம் முன்பு ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியில் 18,500 ரூபாய்க்குப் பொருள் வாங்கிச் சேர்ந்தேன். ஐடி (உறுப்பினர் எண்) ‘ஆக்டிவாக’ இருக்க மாதாமாதம் 3,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். சுகர் குறையும் என்று சொல்லித்தான் பவுடரை விற்கச் சொல்கிறார்கள். நாத்தனாரையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஐடி போட்டேன், மூன்று பேர் நின்றுவிட்டார்கள். நாத்தனார் என்னோடு பேசுவதே இல்லை. விற்காத டப்பாக்கள் பரண்மேல் கிடக்கின்றன. “உங்கள் வெற்றிக்கு நீங்கள்தான் நூறு சதவீதம் பொறுப்பு, காரணம் சொல்பவர்கள் ஜெயித்ததில்லை” என்று தஞ்சாவூர் மீட்டிங்கில் அப்லைன் சார், அதாவது கம்பெனி வரிசையில் எனக்கு மேலே இருப்பவர், சொல்கிறார். என் முயற்சிதான் போதவில்லையா? மகளிர் குழுவில் 50,000 லோன் எடுத்து அடுத்த ரேங்குக்குப் போய்விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

லோன் எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. குழுக் கடன் உங்கள் ஒருவர் கையெழுத்தில் நிற்பதில்லை. நீங்கள் தவணை தவறினால், நடவுக்குப் போய்க் கூலி வாங்கி வரும் பக்கத்து வீட்டு அக்கா தலையில் அது விழும். பொறுப்பைப் பற்றித்தானே கேட்டிருக்கிறீர்கள், முதல் பொறுப்பு இதுதான்.

அப்லைன் சொன்ன வாக்கியத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. விற்பனைத் தொழிலில் நம் கையில் இருப்பது நிறைய. கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு இருபது வருடமாகப் புடவை மூட்டையோடு ஒரு அம்மா வருகிறார். திண்ணையில் உட்கார்ந்ததும் மூட்டையை அவிழ்க்க மாட்டார். தண்ணீர் கேட்டுக் குடிப்பார், மடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுப்பார். யார் எந்தத் தேதியில் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் வளைகாப்பு வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். ஆடியில் கடன் கேட்டு வரமாட்டார். விதைக்கும் உரத்துக்கும் காசு போகிற மாதம் அது என்று அவருக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் எங்கள் வாசலில் அவர் குரல் கேட்கும். சாயம் போகும் புடவையை “இது போகும்மா, தனியா அலசு” என்று சொல்லித்தான் விற்பார். தன் தொழிலுக்குத் தான் பொறுப்பேற்பது என்றால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புடவை வாங்கியவர் அதை உடுத்திக்கொள்வார், அத்தோடு வியாபாரம் முடிந்தது. நீங்கள் சேர்த்துவிட்டவரோ இன்னும் சிலரைச் சேர்த்தால்தான் போட்ட பணத்தை எடுக்க முடியும். இந்த இடத்தில் முயற்சியைவிடக் கணக்கு பெரியது. ஒருவர் ஆறு பேர், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர் என்று போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்களே, அதை நிறுத்தாமல் போட்டுப் பாருங்கள். எட்டாவது படியில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 12.64 லட்சம்தான், கைக்குழந்தைகள் உட்பட. அந்தப் படியில் நிற்பவர் உங்களைவிட இரண்டு மடங்கு உழைத்தாலும் யாரைப் போய்ச் சேர்ப்பார்?

உங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, உங்கள் வாய்க்காலுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வரப்பு வெட்டுவதும், வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரையை அள்ளிப் போடுவதும் உங்கள் கணவர் பொறுப்பு. அதைச் செய்யாமல் தண்ணீர் வரவில்லை என்றால் அவர்மேல் தப்பு. தண்ணீரே வராமல் பயிர் கருகிக் கிடக்க, “நீ ஒழுங்காக வரப்பு வெட்டவில்லை” என்று தலைமடைக்காரர் ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் கேட்டுக்கொண்டு நிற்பீர்களா?

ஆக, வரப்பு அளவுக்குப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அது எவ்வளவு என்று பார்க்க ஒரு நோட்டு போதும்.

நீங்கள் எழுதியதை வைத்தே நான் கூட்டிப் பார்த்தேன். முதலில் 18,500, பிறகு பதினான்கு மாதம் 3,000 வீதம் 42,000, மொத்தம் 60,500 ரூபாய். இதற்கு எதிர்ப்பக்கத்தில் வந்த கமிஷனையும், வெளியாளுக்கு விற்றுக் கையில் வாங்கிய காசையும் எழுதுங்கள். வீட்டில் செலவான சோப்பையும் பேஸ்ட்டையும் கடையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அந்த விலைக்கு வரவில் வையுங்கள், கம்பெனி விலைக்கு வேண்டாம். தஞ்சாவூர் போய்வந்த பஸ் காசு, மீட்டிங் டிக்கெட், அன்றைக்கு விட்ட கூலி, இவற்றைச் செலவில் மறக்காதீர்கள். இந்தக் கணக்கு போடாமல் ‘முயற்சி போதவில்லை’ என்ற முடிவுக்கு யாரும் வர முடியாது. மீட்டிங்கில் யாரும் இந்த நோட்டைக் கேட்கமாட்டார்கள்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம். போன மாதம் உங்களிடம் பொருளுக்காக மட்டும் பொருள் வாங்கியவர்கள் பெயர்களை எழுதுங்கள். ஐடி போட்டவர்கள் இதில் சேர்த்தியில்லை. 1979-ல் அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியின் வழக்கில், அது பிரமிட் திட்டம் (பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் திட்டம்) அல்ல என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, ஒரு விற்பனையாளர் மாதம் பத்து வாடிக்கையாளர்களுக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும் என்பது. வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வருமானத்தைப் பெரிதாக்கிக் காட்டியதற்காக அதே தீர்ப்பு அந்தக் கம்பெனியைக் கண்டித்தும் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பத்து பெயர் வருகிறதா? வந்தால் உங்களிடம் ஒரு சின்ன வியாபாரம் இருக்கிறது, அந்தப் பத்தைப் பதினைந்து ஆக்குவது உங்கள் உழைப்பைப் பொறுத்தது. இரண்டு மூன்றுதான் வருகிறது என்றால், இந்த விலைக்கு இந்தப் பொருளை உங்கள் ஊர் கேட்கவில்லை. ரேங்க் ஏறினால் அது மாறாது.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். சுகரைக் குணமாக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சட்டம் கிடக்கட்டும். உங்களை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடரைக் கரைத்துக் குடித்தால், அவர் காலில் ஆறாத புண் வரும்போது அப்லைன் சார் தஞ்சாவூரில் இருப்பார், நீங்கள் அதே தெருவில் இருப்பீர்கள். இதுவரை யாரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறீர்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்த வாரமே.

நாத்தனாரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம். பல வருடம் முன்பு நானும் இப்படி ஒன்றில் சேர்ந்தேன். என் பெரியம்மா மகளுக்கு ஐடி போட்டேன். அவள் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினாள். ஆறு மாதம் கழித்து, “அக்கா, ஒண்ணும் வரலையே” என்று கேட்டபோது, “உன் முயற்சி பத்தலடி” என்றேன். எனக்கு மேலே இருந்தவர் என்னிடம் சொன்னதை அப்படியே இறக்கி வைத்தேன். அவள் பதில் பேசவில்லை, வெறும் காதைத் தடவிக்கொண்டாள். அதை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு ஐநூறு ஐநூறாக இரண்டு வருடம் கொடுத்து அந்தத் தோட்டை மீட்டுத் தந்தேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து ‘பொறுப்பு உன்னுடையது’ என்று சொல்லும்போது, அவர் தன் பங்கைக் கை கழுவுகிறார். நான் அதைத்தான் செய்தேன்.

அதனால் நாத்தனாரிடம் போகும்போது விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். “நான் சரியாக விசாரிக்காமல் உங்களைச் சேர்த்துவிட்டேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். அவரால் உங்களுக்கு வந்த கமிஷன் எவ்வளவோ, அதை எடுத்துக்கொண்டு போங்கள். முழுப் பணத்தையும் ஈடுகட்ட உங்களால் முடியாமல் போகலாம், அவருக்கும் அது புரியும். மற்ற நான்கு பேரிடமும் இதே நேர்மை வேண்டும்.

கம்பெனியிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், பிரமிட் திட்டத்தையும், ஆள் சேர்த்தால் சீக்கிரம் பணம் என்று ஆசை காட்டும் பணச் சுழற்சித் திட்டத்தையும் தடை செய்கின்றன, சேருவதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது என்கின்றன. உங்கள் 18,500-க்கான பில்லில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். கம்பெனி ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு எண்ணையும் இணையதளத்தில் போட வேண்டும். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு எழுத்தில் கேளுங்கள், அப்லைனிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். சேர்ந்த புதிதில் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் உண்டு. உங்களுக்கு அது முடிந்திருக்கும், ஆனால் கடைசியாக நீங்கள் ஐடி போட்டவருக்கு இன்னும் இருக்கலாம். அவருக்கு முதலில் போன் செய்யுங்கள்.

அடுத்த மாத 3,000-ஐக் கட்டாதீர்கள். ஐடி ‘ஆக்டிவ்’ இல்லாமல் போகட்டும். பரணில் இருக்கும் டப்பாக்களை இன்றைக்கே இறக்கி, அடியில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து எழுதி வையுங்கள். தேதி தாண்டாததைத்தான் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்க முடியும்.