கியாரிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, ஃப்ளோ ஸ்கேன் தனியாக எதற்கு?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தங்கைக்கு இருமினால் பின்தலை வலி, எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையின் நுனி மண்டையோட்டின் அடித்துளைக்குக் கீழே 7 மி.மீ. இறங்கியிருக்கிறது, இப்படி இறங்கும் நிலைதான் கியாரி, அதில் முதல் வகை என்றார்கள். இப்போது ‘சிஎஸ்எஃப் ஃப்ளோ’, அதாவது மூளைநீர் ஓட்டத்தைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ., எடுக்க மறுபடி கோவைக்கு இறங்க வேண்டுமா என்று.

இறங்குங்கள். முதல் ஸ்கேனில் நுனி எங்கே நிற்கிறது என்பது தெரியும், அதைச் சுற்றி நீர் ஓடுகிறதா என்பது தெரியாது. கியாரி என்று சொல்ல 5 மி.மீ. என்பது ஒரு வரையறைதான். 12 மி.மீ. இறங்கியும் தொந்தரவில்லாதவர்கள் இருக்கிறார்கள்.

இதயம் துடிக்கும்போது மண்டைக்குள் ரத்தம் பாய்கிறது. அதற்கு இடம்விட்டு மூளைநீர் கழுத்துப் பக்கம் இறங்கி, துடிப்பு தணிந்ததும் மேலே திரும்புகிறது. மண்டையோட்டின் அடித்துளையை நுனி அடைத்துக்கொண்டால் பின்பக்க வழி மூடி, முன்பக்கச் சந்தில் நீர் வேகமாகப் பீறிடும். நுனியும் துடிப்புக்குத் துடிப்பு பிஸ்டன்போல அசையும். ஃப்ளோ ஸ்கேன் இதைத்தான் ஒரு துடிப்பை 20, 30 படங்களாக வெட்டிக் காட்டுகிறது. ஊசி மருந்து வேண்டாம். வழக்கமான ஸ்கேனோடு பத்துப் பதினைந்து நிமிடம் கூடும்.

இந்த ஸ்கேன் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது நாடித்துடிப்பு. பெரும்பாலும் விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து மிஷின் துடிப்பைப் பிடிக்கும். விடியற்காலைக் குளிரில் மலையிறங்கி, ஏசி அறையில் படுத்தால் விரல் சில்லிட்டிருக்கும். திரையில் அலை தட்டையாகிவிடும், படங்கள் துடிப்போடு சேராது. கையுறை போட்டுக் கூட்டிப்போங்கள், நகப்பூச்சை அழித்துவிடுங்கள். அப்படியும் அலை வரவில்லையென்றால் நெஞ்சில் இசிஜி ஒட்டி எடுக்கச் சொல்லலாம்.

இரண்டாவது ‘வென்க்’, அதாவது மிஷினில் முன்கூட்டியே வைக்கும், அளக்கக்கூடிய உச்ச வேகம். அதை 5 செ.மீ./நொடி என்று வைத்து, நீர் 8-இல் இறங்கினால், மிஷின் அதை 2-இல் ஏறுவதாகக் காட்டும்: இறங்கும் ஓட்டத்தின் வெள்ளைத் திட்டு நடுவில், ஏறுவதுபோலக் கறுப்புப் புள்ளி விழும். அப்போது 10 வைத்து மறுபடி எடுக்க வேண்டும். முதலிலேயே 20 வைத்தால் மெல்லிய ஓட்டம் இரைச்சலில் மறைந்துவிடும். ரிப்போர்ட்டில் வென்க் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத ரிப்போர்ட்டை இன்னொரு மருத்துவர் ஒப்பிடுவது கடினம்.

படுத்திருக்கும்போது கழுத்து நேராக இருக்கட்டும், மூச்சு இயல்பாக விடட்டும். இருமல் வந்தால் பஸ்ஸரை அழுத்தச் சொல்லுங்கள். முழு முதுகுத்தண்டையும் அதே நாளில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், தண்டுவடத்துக்குள் நீர்ப்பை கட்டியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பழைய ஸ்கேனின் சிடி கையில் இருக்கட்டும், ஃபிலிம் மட்டும் போதாது.

ஓட்டம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வலியை ஒதுக்கிவிடாதீர்கள். சுடுதண்ணீர் பட்டும் கையில் சூடு உறைக்கவில்லை, விழுங்கும்போது புரையேறுகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.