சம்புக்குள் ஒளியும் பறவைகளைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: மேடவாக்கத்தில் வசிக்கிறேன். 150-600 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறேன். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, பூநாரை எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனால் சம்புக்குள் (சதுப்பில் உயரமாக அடர்ந்து வளரும் கோரை போன்ற புல்) இருக்கும் குருகுகளும் (கொக்கு வகை) கானாங்கோழிகளும் கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் முன்னால் நிற்கும் சம்புத் தாளில்தான் ஃபோகஸ் விழுகிறது. எந்த மாதம், எந்த நேரம், எங்கே நிற்பது? மொபைலில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? தண்ணீர்க்கோழியையும் இந்தக் குளிருக்குள் எடுத்துவிட ஆசை.

பதில்: லென்ஸ் போதும். இனி நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர் மட்டத்தை. சம்புப் புதரில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அந்த வாரம் நிற்கும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலோர் சம்பை உற்றுப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்க வேண்டியது சம்பின் அடியை. தாள்கள் முடிந்து சேறு தொடங்கும் அந்த ஓரத்தில்தான் ரட்டி பிரெஸ்டட் கிரேக், பெய்லன்ஸ் கிரேக், ஸ்லேட்டி பிரெஸ்டட் ரெயில் என்று நம் பறவை ஆர்வலர்கள் தேடித் திரியும் கானாங்கோழிகள் எல்லாம் இரை தேடுகின்றன. சேறு வெளியே தெரியாத நாளில் அவை உள்ளேயே இருந்துவிடும். எத்தனை மணி நேரம் நின்றாலும் பயனில்லை.

சென்னையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டிச் சதுப்பு நிரம்பிவிடும். சம்பின் அடி முழுக்கத் தண்ணீரில் இருக்கும். அந்த நாட்களில் கானாங்கோழிகள் மேடான இடங்களுக்கு ஒதுங்குகின்றன: சாலைச் சரிவு, கரை, புல் திட்டு. அடைமழை விட்டு முதல் வெயில் அடிக்கும் காலைப்பொழுதைத் தவறவிடாதீர்கள். நனைந்த மஞ்சள் குருகும் கதிர்க்குருவிகளும் தாள்களின் மேல் பகுதிக்கு ஏறி வந்து சிறகைக் கோதிக்கொள்ளும். மற்ற நாட்களில் உள்ளே பதுங்கும் பறவை அன்றைக்குக் கொஞ்ச நேரம் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் உண்மையான பருவம் தை, மாசிதான். மழை நின்று தண்ணீர் மெல்ல வடியும்போது சம்புக்கு முன்னால் ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரியத் தொடங்கும். ஒரு முழ அகலம் இருந்தாலும் போதும், கானாங்கோழி வெளியே வரும். பட்டை மிக அகலமாகி, காய்ந்து வெடித்துவிட்டால் அந்த இடத்தின் வேலை முடிந்தது. அடுத்த ஈர ஓரத்துக்கு நகர வேண்டியதுதான். ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்தே வாரம் ஒருமுறை அதே நான்கைந்து இடங்களைப் பார்த்து, சேறு எங்கே தலைகாட்டுகிறது என்று குறித்து வையுங்கள். கேமராவே இல்லாமல் போய் வந்தாலும் நல்லது.

எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு வெளிச்சம் பதில் சொல்லும். மார்கழி, தையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகிறது. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காகச் சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். வேளச்சேரி - தாம்பரம் சாலை சதுப்பின் மேற்கு ஓரம். அங்கே காலையில் நின்றால் சூரியன் நேரே லென்ஸுக்குள் வரும், மாலையில்தான் சரிப்படும். ரேடியல் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி சாலைப் பக்கம் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாலும் ஆபத்து. நின்று படமெடுக்கப் பாதுகாப்பான இடம் இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம். சூழலியல் பூங்காவின் நடைபாதையும், தெற்கே பெரும்பாக்கம் பக்கமும் நிதானமாக நிற்க வசதியானவை.

நேரம்: விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை. அப்புறம் மாலை நாலரைக்கு மேல். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீரிலிருந்தும் தார்ச் சாலையிலிருந்தும் கானல் எழும்புகிறது. 600 மி.மீ.யில் தூரத்துப் பறவை குழம்பித் தெரிவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். இன்னொன்று காற்று. குளிர்கால விடியலில் காற்று அநேகமாக அசையாது. முற்பகலில் கடல் காற்று ஏறியதும் சம்பு முழுவதும் ஆடத் தொடங்கிவிடும், பறவையின் அசைவு அதில் தொலைந்துவிடும். காற்றில்லாத காலையில் ஒரே ஒரு தாள் மட்டும் ஆடினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாளின் நுனி வெடுக்கென்று சாய்ந்து மெல்ல நிமிர்ந்தால், பெரும்பாலும் ஒரு கதிர்க்குருவி அதில் தாவியிருக்கிறது. பல தாள்கள் சேர்ந்து ஆடி, கூடவே 'கறுக் கறுக்' என்று ஒடிக்கும் சத்தமும் கேட்டால் நீலத் தாழைக்கோழி. சம்பின் குருத்தைப் பிய்த்துத் தின்கிறது, காத்திருக்கத் தேவையில்லை. தாள் அசையாமல் அடித்தண்ணீரில் மட்டும் சிறு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கானாங்கோழி வரும் விதம் அதுதான்.

முதலில் அலகும் ஒரு கண்ணும் தெரியும். ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கும். வால் மேலும் கீழும் துடிக்கும். பிறகு காரணமே இல்லாமல் உள்ளே போய்விடும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஷட்டரை அமுக்குகிறார்கள். அந்தச் சத்தத்துக்கே அது அன்றைக்கு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். முதல் முறை எடுக்காதீர்கள். அடுத்த முறை அது இரண்டடி வெளியே வரும், திரும்பவும் பின்வாங்கும். சுற்றிலும் எதுவும் அசையவில்லை என்று நம்பிக்கை வந்த பிறகு சேற்றைக் கொத்தியபடி சம்பின் ஓரமாகவே நடக்கத் தொடங்கும். அப்போது எடுங்கள். உங்கள் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அதை வையுங்கள். வேகமாகப் பறக்கும் சிறகு அதில் வளைந்து தெரியலாம், நடக்கும் பறவைக்கு ஒரு குறையும் வராது.

எந்தக் கானாங்கோழி என்று அந்தச் சில நொடிகளில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. கால் சிவப்பாகவும் முகமும் மார்பும் செங்கல் நிறமாகவும் இருந்தால் ரட்டி பிரெஸ்டட். அலகு நீண்டு, தலையுச்சி மட்டும் செம்பழுப்பாக, மார்பு சாம்பலாக, முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் ஸ்லேட்டி பிரெஸ்டட். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக, கால் பச்சை கலந்து, விலாவில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு ஓடினால் பெய்லன்ஸ். குளிருக்கு வரும் விருந்தாளி அது.

குருகுகளுக்கு வேறு உத்தி. அவை ஓடி ஒளிவதில்லை, நின்ற இடத்திலேயே மறைகின்றன. ஆபத்து என்று பட்டால் மஞ்சள் குருகு கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு நேராகத் தூக்கி நின்றுவிடும். கழுத்தின் முன்பக்கக் கோடுகள் தாள்களின் நிழலோடு கலந்துவிடும். காற்று வந்தால் கூடவே லேசாக ஆடவும் செய்யும். ஆகவே பறவை வடிவத்தைத் தேடாதீர்கள். சம்புத் தாள்கள் நடுவில் மஞ்சள் வளையத்தோடு ஒரு கண்ணைத் தேடுங்கள். அல்லது அடியில் இரண்டு தண்டுகளை இரண்டு காலாலும் பற்றிக்கொண்டு அகட்டி நிற்கும் விரல்களைத் தேடுங்கள். பறந்தால் அடையாளம் எளிது: வெளிர் மஞ்சள் பழுப்புச் சிறகின் ஓரம் முழுக்கக் கறுப்பு என்றால் மஞ்சள் குருகு, சிறகு முழுவதும் ஒரே செம்பழுப்பு என்றால் செங்குருகு. கருங்குருகு இவற்றைவிடப் பெரிது, உடல் கரிய நிறம், கழுத்தின் பக்கவாட்டில் மஞ்சள். எழும்பிய குருகு நெடுந்தூரம் போகாமல் திரும்பச் சம்புக்குள் விழும். விழுந்த இடத்துக்கு ஓடாதீர்கள். அது எழும்பிய இடத்திலேயே காத்திருங்கள், பிடித்தமான மீன்பிடி ஓரத்துக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

சேற்றுப் பூனைப்பருந்து உங்களுக்குப் பெரிய உதவி. குளிர்காலத்துக்கு இங்கே வந்து, சம்பின் மேல் தாழப் பறந்தபடி வேட்டையாடும் பறவை அது. அது கடக்கும்போது கீழே இருப்பவை சில கிளம்பும், சில கத்தும். எந்த மூலையிலிருந்து எது கிளம்பியது என்று பாருங்கள், அன்றைக்கு நிற்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். பருந்து போன பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் உறைந்துதான் கிடக்கும், பொறுத்திருங்கள்.

இனி ஃபோகஸ். கண்ணைத் தானாகப் பிடிக்கும் வசதியைச் சம்புக்குள் முழுதாக நம்ப வேண்டாம். முன்னால் நிற்கும் தாள் அதைக் குழப்பிவிடும். இருப்பதிலேயே சிறிய ஒற்றைப் புள்ளியை வைத்து, தாள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாகப் பறவையின் தலை மேல் வையுங்கள். அதைவிட நல்ல வழி, பறவை வருவதற்கு முன்பே ஃபோகஸை முடித்துவிடுவது. அது வந்து போகும் இடைவெளிக்குக் கீழே உள்ள சேற்றில் ஃபோகஸ் செய்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஆனால் 600 மி.மீ.யில், f/6.3-ல், 15 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண்தான். பறவை அரையடி முன்னே வந்தாலே மங்கிவிடும். வளையத்தை மெல்லத் திருப்பியபடி வரிசையாக எடுங்கள்.

ஷட்டர், மெதுவாக நடக்கும் பறவைக்கு 1/500 போதும், கிளம்பிப் பறக்கும் குருகுக்கு 1/1600 வேண்டும். விடியலில் ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று ஏறுவதற்குத் தயங்காதீர்கள். மணல்மணலாக இருக்கும் படத்தைச் சரி செய்துவிடலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்போஷரை மேனுவலில் வைப்பதுதான் என் விருப்பம். கரிய பறவை காய்ந்த வெளிர்த் தாள்களுக்கு முன்னால் ஒரு நொடி, பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் மறுநொடி என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும்.

முடிந்தவரை தாழ உட்காருங்கள். சாலை மேட்டிலிருந்து கீழ்நோக்கி எடுத்த கானாங்கோழி வெறும் முதுகாகத்தான் தெரியும். உட்காரும் முன் புல்லைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், கரையோரங்களில் கண்ணாடி விரியன் இருக்கலாம். மூடிய காலணி அவசியம். மங்கிய நிறச் சட்டை போதும், இராணுவ உடுப்பு எதுவும் தேவையில்லை. அசையாமல் இருப்பதே பெரிய மறைவு.

சரி, மொபைல் குரல். வேண்டாம். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் நாள் முழுக்க இரை தேடிப் பிழைக்கின்றன. வலசை வந்த கதிர்க்குருவிக்கு வசந்தத்தில் வடக்கே திரும்பப் பறக்கக் கொழுப்புச் சேர வேண்டும். போலிக் குரலைக் கேட்டு, இல்லாத எதிரியைத் தேடி வெளியே வரும் ஒவ்வொரு முறையும் அதன் உணவு நேரம் போகிறது, பருந்தின் கண்ணிலும் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே கரையில் பத்துப் பேர் ஒலிக்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மொபைலை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: மெர்லின் செயலியில் குரல்களைக் கேட்டு வீட்டிலேயே பழகுங்கள். 'டக்... டக்' என்று கல்லைத் தட்டுவது போல விட்டு விட்டுக் கேட்டால் பிளைத் நாணல் கதிர்க்குருவி. கரகரத்த குரலில் உரக்க, தொடர்ந்து பாடினால் பெரிய நாணல் கதிர்க்குருவி. காதால் இடம் தெரிந்த பறவையைக் கண்ணால் காண்பது பாதி வேலைதான்.

அதேபோல, படத்துக்கு இடைஞ்சல் என்று தாளை ஒடிப்பது, வளைத்துக் கட்டுவது, உள்ளே இறங்கி நடப்பது எதுவும் கூடாது. சதுப்பின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற இடம். அனுமதியில்லாமல் உள்ளே இறங்குவது சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேராகப் பரந்திருந்து, குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போனது போக ஒரு பகுதியே எஞ்சியிருக்கும் நிலம் இது. அதில் நாம் மிதிக்கும் ஒவ்வொரு திட்டும் கணக்கில் வரும்.

எடுத்த படங்களைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு சரியாகச் சேறு தெரியத் தொடங்கும் நாட்களில் வருகிறது. அப்போது கானாங்கோழிகளுக்கென்றே ஒரு காலையை ஒதுக்குங்கள். இவை கண்ணில் படாததாலேயே பட்டியல்களில் விடுபடுகின்றன, மங்கலான படம்கூட நல்ல ஆதாரம்.

தண்ணீர்க்கோழியை மட்டும் இந்தக் குளிரில் தேடி அலையாதீர்கள். இப்போது ஆணும் பெட்டையைப் போல மங்கிய பழுப்பில், சத்தமில்லாமல் இருக்கும். ஆடி, ஆவணியில் மழை பெய்து புல் எழும்பும்போது வாருங்கள். ஆண் கறுத்து, சிவந்த நெற்றிக் கேடயத்தோடு குரல் கொடுத்தபடி அதுவாகவே வெளியே நிற்கும்.