வெளிநாட்டுப் பட்டத்துடன் பொறியாளர் உரிமம்: ஒரு பெற்றோரின் கேள்விக்குப் பதில்

சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற உங்கள் மகள் முதுநிலைப் படிப்புக்காக அமெரிக்கா செல்லவிருப்பதாகவும், அதை அங்கே முடித்துவிட்டால் உரிமம் பெற்ற பொறியாளராவதில் சிக்கல் இராதல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் இராது என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. முதுநிலைப் பட்டம் வேலை கிடைக்கப் பெரிதும் உதவும். ஆனால் உரிமம் வழங்கும் வாரியம் முதலில் புரட்டிப் பார்ப்பது, பெரும்பாலும், அவர் ஏற்கெனவே முடித்துவிட்ட இளநிலைப் படிப்பின் ஏடுகளைத்தான்.

விசாவுக்கோ குடியேற்றத்துக்கோ செய்யப்படும் கல்வித் தகுதி மதிப்பீடு, பட்டப்படிப்புக்கு இருக்கும் சர்வதேச அங்கீகாரம், பொறியாளர் உரிமம் ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். முதலாவது கையில் கிடைத்ததும் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்று நம்பிப் பல ஆண்டுகளைக் கழித்த பிறகே, வாரியம் கேட்பது வேறு ஆவணங்கள் என்பதை அறிகிறார்கள். மூன்றையும் வழங்குபவர்கள் வேறு, அவற்றின் நோக்கமும் வேறு.

உரிமம் எல்லாப் பொறியாளர்களுக்கும் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் உற்பத்தி நிறுவனங்களுக்குள் பணிபுரியும் இயந்திரவியல், மின்னியல் பொறியாளர்களில் மிகப் பலர் உரிமம் இல்லாமலேயே முழுப் பணிக்காலத்தையும் முடிக்கிறார்கள். பல மாநிலச் சட்டங்கள் அவர்களுக்கு விலக்கு அளிக்கின்றன. மென்பொருள் பொறியியலுக்கென இருந்த உரிமத் தேர்வோ, எழுதுவோர் மிகக் குறைந்ததால் 2019-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. சிவில் துறையின் நிலை வேறு. பாலம், கட்டடம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் வரைபடங்களில் உரிமம் பெற்ற ஒருவரின் முத்திரையும் கையொப்பமும் இருந்தாக வேண்டும் என்பதால், உரிமம் இல்லாதவர் ஒரு கட்டத்துக்கு மேல் உயர்வது கடினம். ஆகவே உங்கள் மகளைப் பொறுத்தவரை இதை இப்போதே யோசிப்பது சரிதான்.

அமெரிக்காவில் உரிமம் தருவது மத்திய அரசு அன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமும் தனி வாரியமும் உண்டு. 1907-இல் வயோமிங் மாநிலம் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. என்சிஇஇஎஸ் என்னும் அமைப்பு நாடு முழுவதற்குமான தேர்வுகளை நடத்துகிறது, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டும் தருகிறது. ஆனால் இறுதி முடிவு மாநில வாரியத்தின் கையில்தான் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் இன்னொரு மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவருடைய கல்வித் தகுதியை அங்குள்ளவர்கள் புதிதாகப் பரிசீலிக்கலாம் என்பதால், எங்கே எளிதாகக் கிடைக்கும் என்று தேடுவதைவிட, எங்கே வேலை செய்யப்போகிறார் என்பதை வைத்து முதல் மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. என்சிஇஇஎஸ் வகுத்துள்ள கல்வித் தரத்தின்படி, கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து 32 செமஸ்டர் கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு), பொறியியல் அறிவியலும் வடிவமைப்பும் சேர்ந்து 48 செமஸ்டர் கிரெடிட் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் 48 பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். குறை விழுவது 32-இல். மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம் 1’, ‘கணிதம் 2’ என்று மட்டும் இருந்தால் அதற்குள் வகைக்கெழுச் சமன்பாடுகள் இருந்தனவா, நிகழ்தகவு இருந்ததா என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் மகள் படித்த ஆண்டில் நடைமுறையில் இருந்த பாடத்திட்டத்தின் முழு விவரம், தாள் வாரியாக, பல்கலைக்கழகத்தின் முத்திரையுடன் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். பாடத்திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். பத்து ஆண்டு கழித்துப் பழையதைக் கேட்டால் தேடித் தருவதற்கு அலுவலகத்தில் ஆள் இருப்பது அரிது. மதிப்பெண் பட்டியலை விண்ணப்பதாரர் தாமே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இருப்பதாக மதிப்பீட்டில் வந்துவிட்டாலும் கதவு அடைபட்டுவிடாது. விடுபட்ட பாடங்களை அங்கேயுள்ள கல்லூரி ஒன்றில் தனியாகப் படித்து ஈடுசெய்யலாம். வேலையில் சேர்ந்த பிறகு மாலை வகுப்புக்கு ஓடுவதைவிட, முதுநிலை படிக்கும் காலத்திலேயே ஒரு கணிதப் பாடத்தைக் கூடுதலாக எடுத்துவிடுவது எத்தனையோ மேல். சில மாநில வாரியங்கள், பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் ஏபெட் என்னும் அமெரிக்க அமைப்பின் அங்கீகாரமுள்ள இளநிலைப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முதுநிலை முடித்தவருக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கின்றன; எல்லா வாரியங்களும் அல்ல. அவர் சேரும் மாநிலத்தின் விதியை வாரியத்தின் இணையதளத்தில் நேரடியாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீனியர் மாணவர் யாரோ சொன்னதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாஷிங்டன் உடன்படிக்கையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உறுப்பு நாடுகள் அங்கீகரித்த பொறியியல் பட்டப்படிப்புகளை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்காக 1989-இல் கையெழுத்தான இந்த உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் 2014-இல் முழு உறுப்பினராயின. இதன்படி ஏற்கப்படுவது கல்லூரி அல்ல, குறிப்பிட்ட பட்டப்படிப்பு. அதுவும் அங்கீகாரம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்கு மட்டும். இந்தியாவில் என்பிஏ என்னும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளிலும், பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்குமான டயர்-1 பிரிவில் வருபவைக்கே இது பொருந்தும். ஆஸ்திரேலியாவில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு. அமெரிக்க மாநில வாரியங்கள் பலவற்றில் இது இருந்தாலும் மேற்சொன்ன மதிப்பீட்டைக் கேட்கவே செய்கிறார்கள்.

தேர்வுகளைக் குறித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பொறியியல் அடிப்படைகளைச் சோதிக்கும் முதல் தேர்வான எஃப்இ, கணினிவழித் தேர்வு. 110 வினாக்கள், மொத்தம் 6 மணி நேரம். சூத்திரங்கள் அடங்கிய கையேடு திரையிலேயே கிடைக்கும். அதே கையேட்டை முன்கூட்டியே இலவசமாகப் பதிவிறக்கிப் பழகிக்கொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட சில கால்குலேட்டர் வகைகளைத் தவிர வேறெதையும் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் அந்த வகையிலேயே பயிற்சி செய்ய வேண்டும். படித்தது மறப்பதற்குள், மாணவியாக இருக்கும்போதே இதை எழுதிவிடுவது உத்தமம்.

அதன்பின் வருவது அனுபவம். வழக்கமாக 4 ஆண்டுகள். எங்கேயோ வேலை பார்த்தார் என்பது போதாது, பொறுப்பு படிப்படியாகக் கூடியிருக்க வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் அதை அறிந்து சான்றளிக்க வேண்டும். ஆகவே முதல் வேலையை ஏற்கும் முன், தம்முடைய மேலாளர் உரிமம் பெற்றவரா என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சம்பளத்துக்கு அடுத்தபடியாக முக்கியமான கேள்வி இது. எந்தத் திட்டம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தக் கணக்கீட்டைத் தாமே செய்தார், யார் சரிபார்த்தார் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிவைத்து, அந்த மேலாளர் வேலை மாறிப்போவதற்கு முன் கையொப்பம் வாங்கிவைப்பது நல்லது.

வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தால் வழி மாறும். கனடாவில் மாகாணந்தோறும் தனி அமைப்பு உண்டு. ஒன்டாரியோவில் 48 மாத அனுபவம் கேட்கிறார்கள்; அதில் ஓர் ஆண்டு கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2023 மே மாதத்தில் நீக்கப்பட்டது வெளியிலிருந்து வருவோருக்குப் பெரிய ஆறுதல். பிரிட்டனில் பொறியாளர் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம், ‘சார்ட்டர்ட் இன்ஜினியர்’ போன்ற சில பட்டப்பெயர்களுக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் உடன்படிக்கைக்குள் வராத பட்டம் உடையவர்கள் குடியேற்ற மதிப்பீட்டுக்கு 3 அனுபவக் கட்டுரைகளை எழுதித் தர வேண்டும்; ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். காசு வாங்கிக்கொண்டு இவற்றை எழுதித் தருகிறோம் என்போரிடம் போகவே கூடாது. பிறர் எழுதியதைப் படியெடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரும். அந்த மதிப்பீடும் உரிமம் ஆகிவிடாது. குவீன்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில் பணிபுரியத் தனிப் பதிவு வேண்டும்.

உரிமம் வரும்வரை பெயருக்குப் பின்னால் என்ன போட்டுக்கொள்கிறார் என்பதிலும் கவனம் தேவை. ஒன்டாரியோவில் உரிமமின்றித் தம்மைப் பொறியாளர் என்று குறிப்பிட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் பொதுமக்களிடம் அப்படி விளம்பரப்படுத்திக்கொள்ளக் கட்டுப்பாடு உண்டு. மின்னஞ்சலின் அடியிலும் விசிட்டிங் கார்டிலும் நிறுவனம் தந்த பதவிப் பெயர் அங்குள்ள சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்பதை வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே மனிதவளப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.