மாதிரி ரயில்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வீட்டில் சின்ன ரயில் பாதை கட்டி ஓட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

பரந்தன், தரம் 11 மாணவன்: அண்ணை, எச்ஓ (HO), ஓஓ (OO), 'என்' (N) என்று போட்டு விற்கிறார்கள். எதை வாங்குவது?

தம்பி, எல்லாம் அளவுகள்தான். எச்ஓ என்றால் உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. பிரித்தானியாவில் பிரபலமான ஓஓ 76இல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில். 'என்' இன்னும் சிறியது, தண்டவாள அகலம் 9 மில்லிமீற்றர். இரண்டடி அகலப் பலகையில் அதற்கு ஒரு முழு வட்டம் போடலாம். எச்ஓவுக்கு மூன்றடியாவது வேண்டும்.

வெளிநாட்டு ரயிலை அப்படியே ஓட்டுவதென்றால் இதில் எதையும் எடுக்கலாம். எங்கள் ரயிலைச் செய்ய ஆசையென்றால் ஒரு கணக்கைப் பார். இலங்கையின் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். நூறால் பிரித்தால் 16.76. எச்ஓ தண்டவாளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர்தான். ஆகவே எச்ஓ தண்டவாளத்தையும் சக்கரங்களையும் வாங்கி, மேலே பெட்டியையும் கட்டடத்தையும் 100இல் ஒன்றாக நீயே செய். பாதை அகலமும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தி, பார்த்தவுடன் எங்கள் ரயில் என்று தெரியும். கணக்கும் சுலபம்: நிலையத்தில் ஒரு மீற்றர், பலகையில் ஒரு சென்ரிமீற்றர். இருபது மீற்றர் பெட்டி இருபது சென்ரிமீற்றர். கட்டட மாதிரி செய்பவர்களுக்கென்று விற்கும் மனித உருவங்களும் இந்த அளவில் கிடைக்கும். என்னைக் கேட்டால் வன்னிக்கு இதுதான் சரியான அளவு.

வவுனியா, ஓர் ஆசிரியை: மகனுக்கு ஆசை. ஆனால் ஒதுக்கிக் கொடுக்க அறை இல்லை.

அறை வேண்டாம், சுவர் போதும் ரீச்சர். எட்டடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு தட்டு அடியுங்கள். வன்னிப் பாதை தனிப்பாதை, அதாவது போகவும் வரவும் ஒரே பாதை; பெரும்பாலும் நேர்ப்பாதை. அதற்கு வட்டம் பொருத்தமே இல்லை. ஒரு நேர்க்கோடு, நிலையத்தில் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஒரு கிளைப்பாதை, அதன் இரண்டு முனையிலும் ரயிலைப் பாதை மாற்றிவிட ஒவ்வொரு பொயின்ற். இவ்வளவுதான் முறிகண்டி. பின்னால் பிள்ளையார் கோயில், றோட்டோரம் கச்சான் கடைகள். ஓமந்தையிலிருந்து பளை வரை எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணிக்கப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக வராது. ஒரு இடத்தை எடுத்து அதை நிறைவாகச் செய்யச் சொல்லுங்கள்.

மாங்குளம், ஓய்வுபெற்ற ஒருவர்: தம்பி, இடம்பெயர்வதற்கு முன்னிருந்த எங்கள் ஸ்ரேசனைச் செய்ய வேண்டும். கையில் ஒரு படம்கூட இல்லை. முடியுமா?

கட்டாயம் செய்யுங்கள் ஐயா. வந்த கேள்விகளில் என் மனம் நின்றது இதில்தான்.

முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது 1990இல். அதற்குள் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு வருடம். பிறகு தண்டவாளமும், அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான சிலிப்பர்களும் பங்கர்களுக்குப் போய்விட்டன. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது புதிதாகப் போட்ட பாதை, கொங்கிறீற் சிலிப்பர்கள். ஆகவே இன்றைய மாங்குளத்தைப் பார்த்து அன்றையதைச் செய்ய முடியாது. உங்களுக்கு வேண்டியது மரச் சிலிப்பர், கைகாட்டி மரம், அன்றைய மேடை.

அளவுக்கு நினைவையே நாடாவாக்குங்கள். றோட்டிலிருந்து ரிக்கற் ஜன்னலுக்கு எத்தனை எட்டு வைத்து நடந்தீர்கள்? மேடையில் எத்தனை பெட்டி நிற்கும், எத்தனை வெளியே நீண்டிருக்கும்? வாங்கில் இருந்தால் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்? இதையெல்லாம் தாளில் கீறுங்கள். அதே ஊர்க்காரர் இன்னும் இருவரைத் தனித்தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரென்றால் போனில் கேட்கலாம். சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமாம் என்றுவிடுவார். மூவரும் ஒத்துச் சொல்வதை முதலில் கட்டுங்கள். கதவு, ஜன்னல், ஓட்டுக்கூரை போன்றவற்றுக்கு, தெற்கே விடாமல் ஓடிய பாதைகளில் இன்னும் நிற்கும் பழைய நிலையங்களில் அளவெடுக்கலாம்.

எஞ்சினுக்கு எம்2 என்ற டீசல் எஞ்சின் பொருத்தம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்தவை, கனடிய மாகாணங்களின் பெயர்களோடு ஓடியவை. அவை ஜி12 (G12) என்ற எஞ்சின் வகையைச் சேர்ந்தவை. பிரேசிலின் பிராட்டெஷி நிறுவனம் எச்ஓவில் ஜி12 செய்திருக்கிறது. நூறில் ஒன்று பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும், ஆனாலும் எஞ்சினைத் தனியே செய்ய முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

முல்லைத்தீவு: தண்டவாளத்தின் கீழே கடற்கரை மணலைச் சல்லியாகப் போடலாமா?

வேண்டாம். உப்பு தண்டவாளத்தைக் கெடுக்கும். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலில் இல்மனைற் என்ற கனிமம் இருக்கிறது. அது காந்தத்தில் இழுபடும். எஞ்சின் மோட்டருக்குள்ளும் காந்தம்தான், துகள் உள்ளே போனால் மோட்டர் போனதுதான். ஆற்று மணலைக் கழுவி, காயவைத்து, அரித்து, ஒரு தரம் காந்தத்தால் தடவி எடுங்கள். பாதையில் பரப்பியபின் வெள்ளை மரப்பசையில் பாதிக்குப் பாதி தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும்.

மல்லாவி: கரண்ட் அடிக்கடி போகிறது. பற்றரியில் ஓட்டலாமா?

ஓட்டலாம். சாதாரண முறையில் இந்த எஞ்சின்களுக்கு வேண்டியது தண்டவாளம் வழியாக வரும் 12 வோல்ற் நேர்மின்னோட்டம்தான். வோல்ற் கூடினால் வேகம் கூடும், நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓடும். மோட்டார் சைக்கிள் பற்றரியும் வேகத்தை மாற்ற ஒரு சின்னக் கொன்றோலரும் போதும். ஆனால் பியூஸ் போடாமல் மட்டும் தொடாதீர்கள். சக்கரம் தடம் புரண்டால் இரண்டு தண்டவாளமும் சோர்ட் ஆகும், பற்றரி அந்த நேரத்தில் வயரையே எரிக்கும். ஒன்றிரண்டு அம்பியர் பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிசிசி முறை பிறகு பார்க்கலாம். ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

பூநகரி: எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது.

புழுதி. சோளகம் வீசும் மாதங்களில் தினமும் துடைக்க வேண்டிவரும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அந்தக் கீறலுக்குள்ளேயே அழுக்குத் தங்கும்.

துணுக்காய்: பனைமரம் எப்படிச் செய்வது?

முறுக்கிய கம்பியில் பசை பூசி மண் தூவினால் அடிமரம். ஓலைக்கு மெல்லிய கடதாசியை விசிறி மடிப்பாக மடித்து வெட்டுங்கள். பழுத்த ஓலை கொஞ்சம் கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பனை மாதிரி இராது.

தர்மபுரம், ஒரு தங்கச்சி: அங்குமிங்கும் ஓடினால் இரண்டு நாளில் அலுக்காதா அண்ணா?

சும்மா ஓடவிட்டால் அலுக்கும். நேரசூசி போட்டு ஓட்டிப் பாருங்கள். மலைநாட்டுத் தனிப்பாதையில், பாதைக்கு அனுமதியாகக் கொடுக்கும் டப்ளெற் என்ற உலோக வில்லை கையில் இல்லாமல் சாரதி அடுத்த நிலையத்துக்குப் போக மாட்டார். அதையே விளையாட்டாக்கலாம். பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்ரேசன் மாஸ்ரர், நடுவில் உங்கள் நிலையம், டப்ளெற்றுக்கு ஒரு நாணயம். நாணயம் வைத்திருப்பவரின் ரயிலுக்கு மட்டும் பாதை. சரக்கு ரயில் பிந்திவிட்டது, யாழ்தேவி வருகிறது, யாரைக் கிளைப்பாதையில் ஒதுக்குவது? தம்பியை ஒரு முனையில் விட்டு நீங்கள் மறுமுனையில் நில்லுங்கள். முதல் நாளே சண்டை வரும், சரக்கு ரயிலைத்தான் ஒதுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.