சிவந்த முகத்தில் பிரான்சர் ஏன் செங்கல் நிறமாகிறது?

கேள்வி: எனக்கு வயது 26. ஹட்டனுக்கு அருகில் வசிக்கிறேன். வீட்டில் எல்லோரும் என்னை "நல்ல சிவப்பு" என்பார்கள். மணிக்கட்டு நரம்புகள் நீலமாகத் தெரிகின்றன. கன்னமும் மூக்கும் எப்போதும் இளஞ்சிவப்பு. அதனால் என் தோல் குளிர் சாயல் (ரோஜா பக்கம் சாய்ந்த அடிநிறம்) கொண்டது என்று நினைக்கிறேன். கொழும்பில் வாங்கிய பிரான்சரை (வெயில் பட்ட நிறம் தரும் பொடி) பூசினால் முகத்தில் செங்கல் பொடி ஒட்டியதுபோல இருக்கிறது. மிக வெளுத்த தோலுக்கு என்று எழுதியிருந்த கான்டூரை (முகத்தில் நிழல்போலக் காட்டும் பொடி) வாங்கினேன். அது சாம்பல் அப்பியதுபோல ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் அக்காவின் திருமணம். நான் எந்த நிறத்தைத் தேட வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் கன்னத்துச் சிவப்பைக் கொஞ்சம் சந்தேகிப்போம். நுவரெலியாவில் பல ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்துவருகிறேன். "எனக்குக் குளிர் சாயல்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களில் பலருக்கு, குளிர்காற்று பட்டுச் சிவந்த கன்னம்தான் அப்படித் தோன்ற வைத்திருக்கிறது. அந்தச் சிவப்பு மேலோடு நிற்பது. அறைக்குள் வந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் பாதி இறங்கிவிடும். தோலின் அடிச்சாயலோ தையிலும் ஒன்றுதான், ஆடியிலும் ஒன்றுதான். நரம்பைப் பார்ப்பதும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. வெளுத்த தோலின் கீழே நரம்பு பெரும்பாலும் நீலமாகத்தான் தெரியும். தங்கம் பொருந்துகிறதா வெள்ளி பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை நம் பெண்களுக்குச் சிறிதும் உதவாது. பிறந்த நாள் முதல் தங்கத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெள்ளி எப்படி அழகாகத் தெரியும்?

இப்படிச் செய்துபாருங்கள். காலை பத்து மணிபோல, முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து, வீட்டு வாசலில் நில்லுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. கழுத்தெலும்புக்குக் கீழே, வெயில் அதிகம் காணாத தோலை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளின் பக்கத்தில் தோல் ரோஜா நிறத்தை நோக்கிச் சாய்ந்தால் உங்களுடையது குளிர் சாயல். சந்தன மஞ்சளாகத் தெரிந்தால் சூட்டுச் சாயல். இரண்டும் இல்லாமல் லேசாகப் பச்சை கலந்து மங்கித் தெரிந்தால் அது ஆலிவ் சாயல். நம்மவர்களின் வெளுத்த தோலில் இந்த ஆலிவ் சாயலை நான் அடிக்கடி பார்க்கிறேன். மங்கலாக இருப்பதால் இதையும் குளிர் சாயல் என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆலிவ் தோலில் ரோஜா கலந்த பழுப்பு ஊதாவாகிவிடும், ஆரஞ்சு கலந்தது துருவாகிவிடும். எந்தப் பக்கமும் சாயாத நடுநிலைப் பழுப்புதான் அதற்குப் பொருந்தும்.

இனி, அந்தச் சாம்பல் நிறக் கான்டூர். "நல்ல சிவப்பு" என்பது நம் ஊர் அளவுகோல். பெரிய நிறுவனங்களின் அளவுகோல் ஐரோப்பியரின் மிக வெளுத்த தோலிலிருந்து தொடங்குகிறது. ஹட்டனில் மிகச் சிவப்பான பெண்கூட அந்த வரிசையில் மூன்றாவது நான்காவது இடத்தில்தான் நிற்பாள். முதல் இடத்துக்கான கான்டூர் உங்கள் தோலைவிட வெளிறியது. வெளிறிய பொடி நிழலைத் தராது, திட்டாகத்தான் நிற்கும். ஆகவே பெட்டியின் மேல் "வெளுத்த தோலுக்கு" என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். உங்கள் கழுத்து நிறத்தைவிட இரண்டு படி ஆழமானதைக் கான்டூருக்கும், ஒன்று அல்லது ஒன்றரைப் படி ஆழமானதைப் பிரான்சருக்கும் எடுங்கள்.

இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. பிரான்சர் வெயிலைப் போல நடிக்கிறது. கான்டூர் நிழலைப் போல நடிக்கிறது. வெயில் பட்ட தோலில் சூடு இருக்கும், நிழலில் சூடு இருக்காது. மாலையில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் உங்கள் தாடைக்குக் கீழே விழும் நிழலைப் பாருங்கள். அதில் ஆரஞ்சு இருக்கிறதா? சாம்பல் கலந்த பழுப்புதான் இருக்கும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரத்தின் பட்டையைத் தண்ணீர் விட்டு இளக்கினால் எப்படி இருக்குமோ அந்த நிறம். அழகுசாதனக் கடைகளில் அதை டோப் என்பார்கள். மின்னும் துகள் ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது, ஏனென்றால் நிழல் மின்னாது.

உங்கள் பிரான்சர் செங்கல் ஆனதற்கும் காரணம் இருக்கிறது. இந்தப் பொடிகளின் பழுப்பு பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து, வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு சேர்த்து வருவது. பெட்டியின் பின்பக்கம் 77491, 77492, 77499, 77891 என்று இருப்பவை இவைதாம். எண்கள் இருப்பதை வைத்து விகிதத்தை அறிய முடியாது, பூசித்தான் பார்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் தூக்கலாக இருந்தால் சாயம் இறங்கிய பிளேன் டீ நிறம் வரும். அது மாநிறத்தில் அழகாகக் கரைந்துபோகும். குளிர்ந்த வெளுப்பில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். போதாததற்கு, முகத்து எண்ணெய் ஊற ஊறப் பொடி இன்னும் ஆழமாகும். அதனால்தான் கடையில் பூசியபோது சரியாக இருந்தது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாறிவிடுகிறது. தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் பூசி, அரை மணி நேரம் டவுனில் நடந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். புறங்கையில் பூசிப் பார்ப்பது வீண், அது முகத்தைவிடக் கறுத்த தோல்.

பெயர்களை நம்பவேண்டாம். தேன், கேரமல், தங்கம் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சூட்டுச் சாயல்தான், ஆனாலும் விதிவிலக்குகள் உண்டு. ஃபென்டி பியூட்டியின் மேட்ச் ஸ்டிக்ஸ் வரிசையில் ஆம்பர் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் பொன்னிறம் என்று தோன்றும். திறந்தால் சாம்பல் கலந்த குளிர்ப் பழுப்பு, கான்டூருக்கு மிக நல்லது. நிக்ஸ் நிறுவனத்தின் டோப், பிளஷ் (கன்னத்துக்கான நிறப்பொடி) வரிசையில் வந்தாலும் கான்டூராகவே பெயர் பெற்றது. பவுண்டேஷன் (முகம் முழுதும் பூசும் அடிப்பூச்சு) நிறங்களைக் குறிக்கும் எழுத்துகளிலும் இதே சிக்கல். பல நிறுவனங்களில் சி என்றால் குளிர் சாயல். மாக் நிறுவனத்திலோ என்சி என்பது பொன் மஞ்சள் தோலுக்கு, என்டபிள்யூ என்பது ரோஜா சாய்ந்த தோலுக்கு. இதைத் தெரியாமல் மாற்றி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் ஹட்டனில் கிடைக்கவில்லை என்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. மினுமினுப்பு இல்லாத, சாம்பல் சாய்ந்த பழுப்பு நிறக் கண் நிழல் பொடியோ புருவப் பொடியோ கான்டூர் வேலையை அப்படியே செய்யும், விலையும் குறைவு. என் பெட்டியில் இன்றும் ஒரு புருவப் பொடி இதற்காகவே இருக்கிறது. வாசல் சோதனையில் குளிர் சாயல்தான் என்று தெரிந்தால் பிரான்சருக்கு ரோஜா கலந்த இளம்பழுப்பு, உலர்ந்த ரோஜா இதழைப் பொடித்ததுபோன்ற நிறம், தேடுங்கள்; ஆலிவ் என்றால் முன்பு சொன்ன நடுநிலைப் பழுப்பு.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு மார்கழிக் காலையில் மண்டப அறையின் மஞ்சள் பல்புக்குக் கீழே ஒரு மணப்பெண்ணை அலங்கரித்தேன். கண்ணாடியில் குறையே தெரியவில்லை. படம் எடுக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம்; பனிமூட்டத்தின் நீல வெளிச்சத்தில் கன்னத்தின் இரு பக்கமும் இரண்டு பழுப்புக் கோடுகள். அந்தப் பெண்ணின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. மஞ்சள் பல்பு ஆரஞ்சை மறைத்துவிடும், பனிமூட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும். அன்றிலிருந்து நான் ஜன்னலோரத்தில்தான் நாற்காலி போடுகிறேன். நீங்களும் அப்படியே உட்காருங்கள்.

பூசும் விதத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கான்டூரைக் காதின் மேல்நுனியிலிருந்து வாய் ஓரத்தை நோக்கி இழுத்து, கண்ணின் வெளிமுனைக்கு நேர்கீழே நிறுத்துங்கள். பிரான்சரை நெற்றி ஓரம், கன்னமேடு, தாடை என்று 3 வடிவில் மெல்லத் தொடுங்கள். குளிர்காற்றில் தோல் வறண்டு பொடி திட்டாக நின்றால் கிரீம் வகைக்கு மாறுங்கள். கிரீமுக்கு மேல் பொடி வரலாம், பொடிக்கு மேல் கிரீம் வரக்கூடாது.

திருமணத்துக்கு முன் "வெயிலில் நின்று கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொள்ளட்டுமா" என்று யோசித்தால், வேண்டவே வேண்டாம். 1000 மீட்டர் உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டனும் 1200 மீட்டருக்கு மேல்தான். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. முகம் கறுத்துத் தோல் உரிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறம் எதுவும் பொருந்தாது. மேகமூட்டமான நாளிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

வாங்கிய இரண்டு பெட்டிகளையும் எறிந்துவிடாதீர்கள். செங்கல் நிறப் பிரான்சர் கண் இமை மடிப்பில் மிக அழகாக இருக்கும். அக்கா மாநிறமென்றால் அவருக்கே அது பொருந்தலாம். சாம்பல் கான்டூரை, அந்தப் பிரான்சரை மிகச் சிறிதளவு பிரஷ்ஷில் தொட்டு அதனுடன் கலந்து தாடையோரம் பூசிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நீங்கள் தேடும் பழுப்பே கிடைத்துவிடக்கூடும். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.